காட்டுக் குழிமேல் எரிந்த மெழுகுவர்த்தி

ஹர்யுலா, பின்லாந்து
28 டிசம்பர் 1966

அன்பு மகன் எஸ்கோவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் முட்டிவலியையும் இருமலையும் சேர்த்துச் சுகம். உன் சுகம் நீ எழுதினால்தானே தெரியும், கனடாவில் காகிதத்துக்குப் பஞ்சமா? நீ அனுப்பிய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பையன் என்னைக் கரடின்னு நெனச்சுட்டான் என்கிறார் அப்பா, ஆனால் கழற்றுவதில்லை.

பதினெட்டாம் வருஷத்து உள்நாட்டுச் சண்டையைப் பற்றி அப்பா நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாரே, முடித்துவிட்டார். போர் நினைவுகளைச் சேகரிப்பவர்களுக்குத் ஜனவரி மாதம் அனுப்பவேண்டுமாம். நாற்பத்தெட்டு வருஷம் வாய் திறக்காத மனுஷர் என்னிடம் நீட்டி, எழுத்துப்பிழை பாரு என்றார். எங்கே பார்ப்பது, கண்ணெல்லாம் தண்ணீர். பதினேழு வயதில் செம்படையில் சேர்ந்தது, கைதி முகாமில் மரப்பட்டை தின்றது, எல்லாம் இருக்கிறது. வெண்படைக்காரர்கள் உன் பெரியப்பா அர்வியைச் சுட்டுக் காட்டுக் குழியில் போட்ட அன்று அவருக்குக் காவல் நின்ற வெண்படைச் சிப்பாய் நம் பக்கத்து வீட்டு நீலோ என்றும் இருக்கிறது. நடுவில் ஒரு வேலிதான், ஆனாலும் நீலோவோடு ஒரு காபி உண்டா, சௌனா நீராவி அறையில் சேர்ந்து உட்கார்ந்து வேர்த்தது உண்டா?

கடைசிப் பக்கத்தில், கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் அண்ணன் குழிமேல் என் மனைவி ஐலிதான் வருஷாவருஷம் மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள், எனக்குப் போக மனம் வராது என்று தெரிந்து செய்கிறாள், நான் நன்றி சொன்னதில்லை என்று எழுதியிருக்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் ஒருதரமும் ஏற்றியதில்லை எஸ்கோ! அன்று கல்லறைத்தோட்டத்தில் மற்றவர்களுக்கு ஏற்றிவிட்டுத் திரும்பும்போது மரங்களுக்கிடையே சுடர் தெரியும், அவர் ஏற்றியது, கேட்டால் நோகும் என்று தலையைக் குனிந்துகொண்டு நடப்பேன். அவரும் அப்படியே நடந்திருக்கிறார். இரண்டு அழுத்தக்காரர்கள் குடும்பம் நடத்தினால் இப்படித்தான்.

யார்தான் ஏற்றுகிறார்கள் என்று பார்க்க இந்த வருஷம் மத்தியானமே காட்டில் போய் நின்றோம். இருட்டத் தொடங்கியபோது தடி ஊன்றி வந்தது நீலோ. எங்களைக் கண்டதும் திரும்பிப் போகப் பார்த்தார். நில்லுப்பா நீலோ, ஏன் இதச் செய்யற என்று அப்பா கேட்டார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, அன்னிக்கு அர்வி சிகரெட்டுக்கு நெருப்பு கேட்டான், எங்க ஆளுங்களுக்குப் பயந்து நான் குடுக்கல என்றார். காற்றில் தீக்குச்சி இரண்டுதரம் அணைந்தது. மூன்றாவது குச்சிக்கு அப்பா குனிந்து இரண்டு கையையும் குவித்துப் பிடித்தார். அப்புறம், சௌனா சூடா இருக்கு, வா என்றார். சௌனாவுக்குள் அப்பா, நோட்டில் உன் பேரை அடிச்சிடவா என்றதற்கு நீலோ, வேண்டாம், நெருப்பு குடுக்காததையும் சேத்து எழுது என்றாராம்.

காதை மூடாமல் பனியில் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு. நீ கப்பலேறிய அன்று அப்பா வழியனுப்ப வரவில்லை என்று உனக்கு மனத்தாங்கல் உண்டு, எனக்குத் தெரியும். ஏன் என்று அவரையே எழுதிக் கேள், இந்த வாரமே கேள். உன் கடிதம் வந்திருக்கிறதா என்று தபால் பெட்டிக்கு என்னை முந்திக்கொண்டு போகிறவர் அவர்தான். ஆண்டவர் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும்.

உன் வரவை எண்ணியிருக்கும் அம்மா,
ஐலி