இருதயத்தில் ஒன்றும் இல்லையாம்

லா சப்பல், பாரிஸ்
9.3.1987

அன்புள்ள மகன் வாமதேவனுக்கு அம்மா எழுதுவது,

இஞ்சை நான் சுகம். சுகம் என்று சும்மா வழக்கத்துக்கு எழுதவில்லை ராசா, டொக்டர் பார்த்துச் சொன்ன பிறகுதான் எழுதுகிறேன். நீயும் மொன்றியலில் சுகமாயிருக்க நல்லூரானை மன்றாடுகிறேன். எனக்கும் அப்பாவைப் போல நெஞ்சு வருத்தம், கண் மூடுமுன் வந்து முகத்தைக் காட்டு என்று போன கடிதத்தில் எழுதினேன் அல்லவா, அதற்காக வெளிக்கிடாதே. உன் அகதி வழக்கு முடியுமுன் அந்த நாட்டை விட்டால் திரும்ப விடமாட்டார்களாம். பக்கத்து வீட்டுக் கோசலை சொல்லித்தான் எனக்கே தெரியும். தெரிந்திருந்தால் அப்படி எழுதியிருப்பேனா.

அப்பா போன இந்த ஐந்து மாதமும் எனக்கு நெஞ்சு இறுகும், எவ்வளவு இழுத்தாலும் மூச்சுப் போதாது, விரலெல்லாம் விறைத்துக் கொக்கி போல மடங்கும். அவருக்கும் இப்படித்தானே தொடங்கியது என்று நினைக்க இன்னும் இறுகும். போன கிழமை மரக்கறிக் கடையில் அப்படி வந்து வெங்காய மூட்டைக்கு மேல் குந்தி இருந்துவிட்டேன். கடைக்கார இராஜேந்திரன், ஐயோ அக்கா, என்ரை கடையிலை சாகாதேங்கோ, பிறகு ஒருத்தரும் வெங்காயம் வாங்க வரமாட்டினம் என்று பகிடி விட்டான், ஆனால் அவன் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

அடுத்த நாளே கோசலையைக் கூட்டிக்கொண்டு டொக்டர் அம்மாவிடம் போனேன். நெஞ்சில் வயர் பூட்டிக் கோடு இழுத்துப் பார்த்து, இருதயத்தில் ஒன்றும் இல்லை என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அப்ப நான் நடிக்கிறனோ எண்டு கேள் பிள்ளை என்றேன், கோசலை அதை அப்படியே பிரெஞ்சில் கேட்டுவிட்டாள். டொக்டர் அம்மா சிரிக்கவில்லை. கையை இறுக்கிப் பொத்தச் சொல்லி, விடாதேங்கோ விடாதேங்கோ என்று வைத்திருந்தார். கை நடுங்கி நொந்தது. இந்தக் கையில் வியாதி இருக்கா என்றார். இல்லை என்றேன். நோவு உண்மையா என்றார். ஓம் என்றேன். பயம் உடம்பை இப்படித்தான் பொத்தி வைத்திருக்கு, பயத்தில் கெதியாய் மூச்சு இழுக்கிறதால்தான் விரல் மடங்குது என்றாராம். ஸ்பஸ்மோஃபிலி என்று அதற்குப் பெயர் சொன்னார். மக்னீசிய மருந்து தந்து, இனி வந்தால் அவசரப்படாமல் ஆறுதலாக மூச்சை விடச் சொன்னார்.

புருஷன் செத்தபோது அழுதீர்களா என்றும் கேட்டார். அன்று நான் குரலெடுக்க, கீழ் வீட்டார் பொலிசைக் கூப்பிடுவினம் அக்கா என்று சனம் அடக்கிவிட்டது. பிறகு நான் அழவேயில்லை. டொக்டர் அம்மாவின் அறையில் வைத்துத்தான் கத்தி அழுதேன் தம்பி. கோசலையும் மொழிபெயர்க்கிறதை விட்டுவிட்டு அழுதாள். நேற்றும் நெஞ்சு இறுகியது, ஆனால் சோறு வடித்து முடிய முன்னம் போய்விட்டது.

வயிறு எரிகிறது, சாப்பாடு இறங்கவில்லை என்று நீ எழுதியது என்ரை அந்தக் கடிதம் கிடைத்த பிறகுதானே. நீயும் டொக்டரிடம் காட்டு, ஒன்றும் இல்லை என்றால் நம்பு. அப்பாவுக்குக் கொள்ளி வைக்க வரமுடியவில்லையே என்று உள்ளே வைத்திராமல் அழு, அறையில் இருக்கிற பெடியள் என்ன நினைப்பார்கள் என்று பார்க்காதே.

முருகன் உனக்குத் துணையிருக்கட்டும். பனிக்குள் தொப்பியில்லாமல் திரியாதே. உன் அகதிக் கடதாசி சரிவந்த பிறகு ஆறுதலாக வா, எத்தனை வருஷம் எடுத்தாலும் நான் இருப்பேன்.

உன் அம்மா
தில்லைநாயகி