வாய் திறக்கக் கூடாத நாற்காலியிலிருந்து

சண்டை போடும்போதுகூட என்னைப் "பாப்பா" என்று மட்டுமே கூப்பிட்ட என் அண்ணாவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நலம் என்று எழுத மனம் வரவில்லை. வல்லம் வடகாலில் நம் வீட்டுக்கு எதிரே இருந்த காலி மனையில் இன்னொரு குடோன் எழும்பிவிட்டது. நீ போன பிறகு அண்ணி செல்போன் கம்பெனியில் சேர்ந்து, உன்னைப் போலவே காலையில் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார். நீ இருந்தபோது வெளியூர் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்த நான், இப்போது இங்கேயே ஒரு கல்லூரியில் பிசியோதெரபி சொல்லிக்கொடுக்கிறேன். மேடம் என்கிறார்கள். உனக்குச் சிரிப்பு வரும்.

அதோடு இன்னொரு வேலையும் வந்து சேர்ந்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

டாக்டருக்குப் படிக்கிறவர்கள், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி பிள்ளைகள் எல்லோரும் எங்களிடம் ஒரே வளாகத்தில்தான் படிக்கிறார்கள். ஆனால் ஒருவரோடு ஒருவர் பேசாமலே படிப்பை முடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். கேன்டீனில்கூடத் தனித்தனி மேஜை. இவர்களைச் சேர்த்து உட்காரவைத்துப் பாடம் நடத்தினால் நோயாளிக்கு ஏதாவது நன்மை உண்டா என்று பார்க்க ஓர் ஆராய்ச்சி. நர்சிங் கல்லூரி ஸ்டெல்லா மேடம் தொடங்கியது. சீட்டுக் குலுக்கிப் பாதிப் பேருக்குச் சேர்ந்த வகுப்பு, மீதிப் பேருக்கு வழக்கம்போலத் தனித்தனி வகுப்பு. வகுப்புகளுக்கு முன்னால் ஒரு முறையும் எல்லாம் முடிந்த பின் ஒரு முறையும் துறைக்கு ஒருவராக நாலு நாலு பேரை ஓர் அறையில் உட்காரவைத்து, எல்லோருக்கும் ஒரே நோயாளியின் கதையைக் கொடுத்து, இவருக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்போம்.

அந்த நோயாளி நீதான் அண்ணா.

மேடம் ஒரு கேஸ் கேட்டார், நான் உன்னைக் கொடுத்தேன். அண்ணியிடம் கேட்டுக்கொண்டுதான் கொடுத்தேன். பெயரை மாற்றச் சொன்னார்கள். அவசரத்தில் மணி என்று வைத்துவிட்டேன். அது பக்கத்து வீட்டு நாயின் பெயர் என்பது பிறகுதான் உறைத்தது. திட்டாதே.

மணி, கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்று வேலை செய்கிறவர், முதுகுவலி. கதை இப்படித் தொடங்கும். கம்பெனி டிஸ்பென்சரியில் ஒரு வலி மாத்திரை, வெளியே எலும்பு டாக்டரிடம் இன்னொரு வலி மாத்திரை. பெயர்தான் வேறு, இரண்டும் ஒரே ரகம். நீ இரண்டையும் போட்டுக்கொண்டாய். "வேற வேற டாக்டரு குடுத்தது, ஒண்ண வுட்டா அவுரு கோச்சிப்பாரு" என்று அண்ணியிடம் சொன்னாயாம். சோர்வாக இருக்கிறது என்றதும் டிஸ்பென்சரி நர்ஸ் இரும்புச்சத்து மாத்திரை தந்தார். வெளிக்குக் கருப்பாகப் போகிறதே என்று கேட்டாய். இரும்பு மாத்திரைக்கு அப்படித்தான் போகும் என்றார். உண்மைதான். இரண்டு வலி மாத்திரையும் சேர்ந்து வயிற்றைப் புண்ணாக்கி உள்ளே ரத்தம் கசிந்தாலும் அப்படித்தான் போகும். பிசியோதெரபிஸ்ட் கொடுத்த பயிற்சியிலும் குறையில்லை. அவரவர் வேலையை அவரவர் செய்திருக்கிறார்கள். நான் யாருடைய சட்டையைப் பிடிப்பது?

பர்மனென்ட் ஆகும்வரை லீவு போடக் கூடாது என்று நின்றாய், லைனிலேயே விழுந்தாய். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில், ஒரகடம் கூட்டு ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் வழிவிடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த முடிவை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற கதையில் எழுதவில்லை.

என் வேலை, மூலையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து யார் யாரிடம் கேட்கிறார்கள், யார் பேசாமல் இருக்கிறார்கள் என்று குறிப்பது. வாயைத் திறக்கக் கூடாது. தலையைக்கூட ஆட்டக் கூடாது. கடைசி பேட்ச் முடியும்வரை விடையையும் சொல்லக் கூடாது. ஒத்துக்கொண்டபோது இது இவ்வளவு பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

முதல் முறை, பார்மசி படிக்கிற நிவேதா கதையைப் படித்ததுமே அந்த இரண்டு மாத்திரைகளையும் பேனாவால் வட்டமிட்டாள். ஆனால் டாக்டருக்குப் படிக்கிற அரவிந்த் பேசிக்கொண்டே போனான். "மாத்திரைய கன்டின்யூ பண்ணட்டும், வீட்டுக்கு அனுப்பிடலாம். பார்மசி, உங்களுக்கு ஓகேதானே?" அந்தப் பெண் தலையாட்டிவிட்டுப் பேனாவை மூடினாள். கருப்பாகப் போவது இரும்பு மாத்திரையால்தான் என்று நர்சிங் பிள்ளை சொன்னாள், உன் நர்ஸ் சொன்ன அதே வார்த்தையில். என் மாணவன் முதுகுக்குப் பயிற்சி எழுதினான். நாலு பேருமாகச் சேர்ந்து உன்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். எழுந்து கத்த வேண்டும்போல் இருந்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"மேடம், என்னால முடியல. அந்தப் பொண்ணுக்குத் தெரியுது, சொல்ல மாட்டேங்குது" என்று ஸ்டெல்லா மேடத்திடம் போய் நின்றேன்.

"நீ வாயத் தொறந்தா அந்த ஒரு ரூம்ல சரியாப்பூடும். அப்புறம் இத எந்தக் காலேஜ்ல காட்டி, உங்க புள்ளைங்களையும் சேத்து உக்கார வைங்கன்னு கேப்ப? எவன் நம்புவான்?" என்றார். பிறகு மெதுவாக, "கஷ்டமா இருந்தா விலகிக்க. வேற ஆள உக்கார வெச்சிக்கிறேன்" என்றார்.

விலகியிருக்கலாம். ஆனால் நீ சாகிற அறையில் முன்பின் தெரியாத ஒருவரை உட்காரவைக்க எனக்கு மனமில்லை. உட்காரவும் முடியவில்லை, எழுந்து போகவும் முடியவில்லை. நீயும் அந்த லைனில் இப்படித்தான் நின்றாயா அண்ணா?

வீட்டில் மட்டும்தான் எனக்கு வாய். ஒரு நாள் அண்ணியின் கைப்பையில் வலி மாத்திரைகளைப் பார்த்துவிட்டுக் கத்தினேன். "இன்னா பண்ணச் சொல்ற பாப்பா? வலிக்குதுன்னு சொன்னா வேற ஆளப் போட்டுக்குவான். வேற வழி கீதா சொல்லு, இப்பவே தூக்கிப் போடறேன்" என்றார். எல்லா மாத்திரையையும் ஒரே கவரில் போட்டு, அவரை டாக்டரிடம் கூட்டிப் போனேன். இப்போது ஒரே ஒரு மாத்திரைதான், அதுவும் சில நாளைக்குத்தான். நிற்கிற வேலை மாறவில்லை.

போன வாரம் இரண்டாம் முறை. மாதக்கணக்கில் சேர்ந்து படித்த பிறகு, அதே நாலு பேர், அதே கதை. அரவிந்த் பழையபடி வீட்டுக்கு அனுப்பிடலாம் என்று ஆரம்பித்தான். "ஒரு நிமிஷம்" என்றாள் நிவேதா. அவன் நிறுத்திவிட்டு, "சொல்லு நிவேதா" என்றான். முதல் தடவை அவனுக்கு அவள் வெறும் பார்மசி.

"ரெண்டும் ஒரே ரக மருந்துதான், சேந்தா வயித்தப் புண்ணாக்கிடும்" என்றாள். உடனே நர்சிங் பிள்ளை, "அப்ப கருப்பா போறது இரும்பு மாத்திரயாலதான்னு எப்படிச் சொல்றது?" என்று கேட்டாள். "இவருக்கு லீவே இல்லன்னா நான் எழுதுற எக்ஸர்சைஸ எப்பப் பண்ணுவாரு?" என்றான் என் மாணவன். இரண்டு மாத்திரையையும் நிறுத்தினார்கள். வீட்டுக்கு அனுப்பாமல் உன்னை அட்மிட் செய்தார்கள். நீ பிழைத்துவிட்டாய் அண்ணா. நான் அழக் கூடாது, சிரிக்கவும் கூடாது. டிக் போட்டேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, தனித்தனியாகப் படித்தவர்களின் அறை. அங்கேயும் எனக்கு ஒரு நாற்காலி. இரண்டு மாத்திரையோடும் உன்னை மறுபடி வீட்டுக்கு அனுப்பினார்கள். ஓர் அறையை வைத்து எதுவும் சொல்ல முடியாது, இன்னும் பேட்ச்கள் பாக்கி இருக்கின்றன என்கிறார் மேடம். அவர் சொல்வது சரி. எத்தனை அறைகளில் பிழைப்பாயோ, எத்தனை அறைகளில் மாட்டாயோ, எனக்குத் தெரியாது.

அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் நிவேதா பக்கத்தில் வந்து நின்றாள்.

"மேடம், அந்த மணி நிஜ பேஷன்ட்டா?"

"ஆமாம்மா."

"இப்ப எப்படி இருக்காரு?"

"இப்ப சொல்லக் கூடாது."

"நல்லா இருக்காரா? அத மட்டுமாவது சொல்லுங்க மேடம்."

பஸ் வந்தது. ஏறிவிட்டேன். ஜன்னல் வழியாக அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். மிச்சமிருக்கிற எல்லா அறைகளிலும் வாயை மூடிக்கொண்டு உன்னோடு உட்கார்ந்திருப்பேன். கடைசி பேட்ச் முடிந்ததும் நேராக நிவேதாவிடம் போவேன். அவர் பெயர் மணி இல்லை, கோதண்டம், என் அண்ணன் என்று சொல்வேன். அதற்குப் பிறகுதான் இந்தக் கடிதம் மேஜை டிராயரை விட்டு வெளியே வரும். நாலு பேர் இதைப் படிக்கிறார்கள் என்றால், நான் அந்த நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன் என்று தெரிந்துகொள்.

இப்போதைக்கு உட்கார்ந்திருக்கும்,
உன் பாப்பா