மூலையில் இருந்த மூன்று மாதம்

அன்புள்ள மகனுக்கு,

சமஸ்தானத்துக்காக நீ எழுதிய விபத்து நஷ்டஈட்டு விதியால் இருளாயியின் மனு தள்ளுபடியாகிவிட்டது. அவள் புருஷன் குன்றாண்டார்கோவில் பக்கம் கல் உடைக்கையில் பாறை சரிந்து இறந்தவன்.

“முப்பது நாளைக்குள்ள நேர்ல வரணும்னு தெரியாதா? தூங்கிட்டியா?” என்றாராம் குமாஸ்தா.

“தாலியறுத்தவ மூணு மாசம் மூலையில இருக்கணும்ல சாமி. ஒங்க வீட்டுல யாரும் இருந்ததில்லையா?” என்றாளாம்.

உன் அப்பா போனபோது நான் ஓராண்டு வாசல் தாண்டவில்லை. இருந்தும், நீ வரைவைக் காட்டியபோது உன் இங்கிலீஷை மட்டுமே திருத்தினேன். அந்த முப்பது நாள் என் கண்ணில் உறுத்தவில்லை.

விதியை மாற்று. வெள்ளிக்கிழமை அவளோடு உன் கச்சேரிக்கு வருகிறேன். என்னை வரவேற்க எழுந்து வராதே. முதலில் அவளை உட்காரச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா