வீட்டுக்கு ஓர் ஆள்

இன்று காலை, திருப்பதியில் நான் பாடம் நடத்தும் கல்லூரிக்குக் கிளம்பும்போது, கிராமத்தில் உள்ள எங்கள் காலனியின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் செய்தி வந்தது. "நம்மாளு ஒருத்தன ஊர்க்காரங்க பஸ் ஸ்டாப்புல அடிச்சிட்டாங்க. ஞாயித்துக்கெழம ஊருக்குள்ள போறோம். வூட்டுக்கு ஒரு ஆளு வந்தே ஆவணும்."

அலிபிரிப் பேருந்தைத் தவறவிட்டு, அதை மறுபடியும் மறுபடியும் கேட்டேன். உன் நினைவு வந்தது. நீ செத்து இரண்டு வருடம் ஆகிறது. உன் சாவுக்கு நான் வரவில்லை. வேண்டுமென்றேதான் வரவில்லை.

ஏரிக் கால்வாய் தூர்வார வீட்டுக்கு ஓர் ஆள் போவது உங்கள் ஊர் வழக்கம். கோயில் முன்னால் ஒவ்வொரு வீடாகப் பேர் கூப்பிடுவார்கள். ஆள் அனுப்பாத வீட்டு நிலத்துக்குத் தண்ணீர் முறை கிடையாது. தேர் எந்தத் தெரு வழியாகப் போவது என்று எங்கள் காலனியோடு சண்டை மூண்ட அன்றும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். உன் நைனா படுக்கையில் இருந்தார். நீ கை தூக்கினாய். கால்வாய் வெட்டும் அதே மண்வெட்டியோடு காலனிக்குள் வந்து எங்கள் வீட்டுக் கதவைப் பிளந்தாய். உள்ளே என் அம்மா இருந்தது உனக்குத் தெரியும். சித்தூர் கல்லூரியில் மூன்று வருடம் அவள் சமைத்த சோற்றை என் டப்பாவிலிருந்து தின்றவன் நீ.

ஒரு மாதம் கழித்து, சித்தூர் பஸ் ஸ்டாண்டில் என் முன்னால் வந்து நின்றாய்.

"இன்னாடா, கோவமா?"

"என் வூட்டுக் கதவுடா அது."

"நா இல்லன்னா வேற எவனாச்சும் ஒடச்சிருப்பான். பேரு கூப்ட்டாங்க, போனேன். நீயா இருந்தா போவ மாட்டியா?"

"மாட்டேன்."

"பெத்த மாஸ்டாரு, பெரிய வாத்தியாரு பேசறாரு," என்று சிரித்தாய்.

இப்படிப்பட்ட கலவரங்களைப் பற்றி இத்தனை வருடமாகப் படிக்கிறேன். வெறுப்பு, வெறி என்றுதான் எழுதுகிறார்கள். உனக்கு என் மேல் வெறுப்பே இல்லை. இருந்திருந்தால் உன்னோடு கணக்கு முடிந்திருக்கும். ஏரி வேலைக்கு வந்தது போல வந்தாய். வேலை முடிந்ததும் கால் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனாய்.

இன்று காலை என் விரல் 'வரேன்' என்று அடித்துவிட்டது. உன் வீட்டுக் கதவு ஞாபகத்தில் வந்தது. அதற்குப் பின்னால் இப்போது உன் மகள் இருக்கிறாள் என்பது பிறகுதான் வந்தது. அடித்ததை அழித்தேன். 'எங்கள் வீட்டிலிருந்து யாரும் வர மாட்டார்கள். அடித்தவர்கள் மேல் கேஸ் கொடுங்கள், ஸ்டேஷனில் நான் முன்னால் நிற்கிறேன்' என்று எழுதினேன்.

உடனே காலனியிலிருந்து என் தம்பி போனில் கூப்பிட்டான். "உனுக்கு திருப்பதில உத்தியோகம் கீது, பேசுவ. எனுக்கு இந்தத் தெருதான்ணா கீது. நாளைக்கு நம்ம வூட்ல ஒரு சாவுன்னா தூக்க எவன் வருவான்?"

"நா தூக்கறேன். ஞாயித்துக்கெழம உன் வாசப்படில குந்திக்கினு இருப்பேன். போறதுன்னா என்னத் தாண்டிப் போ."

போனை வைத்துவிட்டான். போவானோ மாட்டானோ, தெரியாது. நான் முதல் பஸ்ஸில் போகிறேன்.

இதை மன்னிப்பு என்று நினைத்துக்கொள்ளாதே. உன் மேல் உள்ள கோபம் அப்படியே இருக்கிறது. அது என்னுடையது. எந்தத் தெருவும் பேர் கூப்பிட்டு அதை என்னிடமிருந்து வாங்க முடியாது.