ஓர்கன் கட்டிய அத்தானுக்கு மனைவி புலம்பல்

அன்புள்ள வெர்னர் அத்தானுக்கு,

அன்புள்ள என்று தொடங்குவது முறை, தொடங்கியாயிற்று. அக்காவின் கணவரை அத்தான் என்பதும் முறை. நீங்கள் ஜெர்மன்காரர் என்பதற்காக அதை நாங்கள் விட்டுவிடவில்லை. நீங்கள் கண்ணை மூடி ஒரு வருடம் ஆகிறது. இணுவிலில் இந்த முறை மழை பிந்திப் பெய்ததால் என் வெங்காயம் தப்பியது. அக்கா என் வீட்டில்தான் இருக்கிறாள். ஜெர்மனியிலிருந்து கூட்டி வந்த நாளிலிருந்து அவள் ஒரு வார்த்தை கதைக்கவுமில்லை, தானாகச் சாப்பிடவுமில்லை. போன கிழமை வரை.

சோற்றுத் தட்டை முன்னால் வைத்தால் வலதுகைச் சுட்டுவிரலை மேசை விளிம்பில் ஊன்றுவாள். ஊன்றியபடியே இருப்பாள். குழம்பு ஆறி ஆடை படரும், இலையான் மொய்க்கும், விரல் அசையாது. என் மனைவி மலர் குழைத்து ஊட்டப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. "இப்பிடியே போனா சேலைன் ஏத்தித்தான் வைச்சிருக்க வேணும்" என்று டொக்டர் கையை விரித்துவிட்டார்.

அந்த விரல் எதற்குக் காத்திருந்தது என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். இதை வாசிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது. அவர்களுக்காக உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். பொய் சொன்னால் இடைமறியுங்கள்.

நீங்கள் தேவாலயங்களுக்கு ஓர்கன் கட்டியவர். நம் ஊர் ஹார்மோனியத்தை ஒரு வீட்டளவுக்கு வளர்த்து, அதற்குள் ஆயிரக்கணக்கில் குழாய்களை நட்டு வைத்தால் அதுதான் ஓர்கன். ஈயத்தையும் வெள்ளீயத்தையும் சேர்த்து உருக்கி, நீண்ட மேசையில் ஊற்றித் தகடாக்கி, அதைச் சுருட்டிக் குழாயாக்குவீர்கள். ஊற்றுகிற நாளில் வீட்டில் ஒருவரும் கதைக்கக் கூடாது. காற்றுப் பைக்கு ஆட்டுத்தோல், சட்டத்துக்கு ஓக் மரம். ஒன்று கட்டி முடிய வருடக் கணக்காகும். முடிந்ததும் ஒவ்வொரு குழாயின் வாயையும் சின்னக் கத்தியால் செதுக்கி, காற்றை விட்டுக் கேட்டு, மறுபடி செதுக்குவீர்கள். குழாயைப் பேச வைப்பது என்று உங்கள் தொழிலில் அதற்குப் பெயராம்.

அதில் நீங்கள் விண்ணன்தான், நான் மறுக்கவில்லை. உங்கள் செத்தவீட்டில் நீங்கள் கட்டிய ஓர்கனைத்தான் வாசித்தார்கள். ஆகப் பெரிய குழாய் ஒலித்தபோது நான் இருந்த வாங்கு அதிர்ந்தது, நெஞ்சும் அதிர்ந்தது. அழக்கூடாது என்று போனவன் அழுதேன். இப்படிப்பட்ட மனிதனுக்கு இவ்வளவு நல்ல காதைக் கடவுள் ஏன் கொடுத்தார் என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஓர்கனுக்குச் சுருதி சேர்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே, குழாய்களுக்கு நடுவில் ஏணியில். மற்றவர் வெளியே, ஹார்மோனியத்தில் போல ஒரு கட்டையை அமத்திப் பிடித்தபடி. உள்ளே இருப்பவர் அந்தக் குழாயைத் தட்டிச் சரிசெய்துவிட்டு "வைட்டர்" என்பார். அடுத்தது என்று அர்த்தம். அப்போதுதான் வெளியே இருப்பவர் விரலை எடுத்து அடுத்த கட்டைக்குப் போகலாம். உள்ளே நீங்கள். வெளியே முப்பது வருடமாக அக்கா.

சண்டைக்குத் தப்பி அங்கு வந்து, தேவாலயம் கூட்டித் துடைத்துக்கொண்டிருந்தவளை நீங்கள் கண்டீர்கள். "நான் அசையாமல் இருப்பன் எண்டு அவருக்கு என்னைப் பிடிச்சிட்டுது தம்பி" என்று போனில் சிரித்தாள். முன்பு இருந்த உதவியாளர்கள் எல்லோரும் குளிர் தாங்காமல் ஓடிவிட்டார்கள் என்பது கலியாணத்துக்குப் பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

சூடு பட்டால் குழாயின் சுருதி மாறிவிடும். அதனால் கொட்டும் பனியிலும் வேலை முடியும் வரை ஹீற்றர் போடக் கூடாது. கைச்சூடு குழாயில் படாமலிருக்க நீங்கள் கம்பளிக் கையுறை போட்டுக்கொண்டீர்கள். அக்காவுக்குக் கையுறை இல்லை; போட்டால் விரல் தடித்துப் பக்கத்துக் கட்டையையும் அமத்திவிடுமாம். இருமக் கூடாது. எழும்பக் கூடாது. ஒன்றுக்குப் போவதென்றாலும் நீங்கள் அடுத்தது சொல்ல வேண்டும். விரல் நுனிகள் வெடித்து நீர் வடிவதை, மருதாணி காட்டுகிற மாதிரி எங்களுக்கு வீடியோவில் காட்டினாள்.

ஒருநாள் நீங்கள் உள்ளே எதையோ தேடிக்கொண்டிருந்த நேரம், ஒற்றைக் கையால் ஒரு தேவாரம் வாசித்துப் பார்த்தாளாம். சின்ன வயதில் ஹார்மோனியம் பழகியவள். நீங்கள் வெளியே வந்தீர்கள். குழாய்களுக்குக் காற்று ஊதும் மோட்டரை நிறுத்தினீர்கள். தேவாரம் பாதியில் மூச்சு வாங்கி நின்றது. ஆயிரம் குழாயைப் பேச வைத்தவருக்கு ஒரு மனுசி இரண்டு வரி வாசித்தது பொறுக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் எந்தக் கட்டையிலும் பாட்டு வாசித்ததில்லை.

இங்கே ஒருமுறை வந்தீர்கள். கந்தசாமி கோயில் திருவிழா. இடுப்பில் நிற்காத வேட்டியைப் பிடித்தபடி நாதஸ்வரக்காரருக்குப் பக்கத்தில் போய் நின்று முகத்தைச் சுளித்தீர்கள். ஒரு ஸ்வரம் கொஞ்சம் உயர நிற்கிறது, அவரிடம் சொல் என்று அக்காவை ஏவினீர்கள். அவள் கூனிக் குறுகிச் சொன்னாள். "ஓம் அக்கா, பாப்பம்" என்று அவர் தலையாட்டிவிட்டு, நாதஸ்வரத்தை உங்கள் காதுக்கு நேரே பிடித்து ஊதினார். தவில்காரரும் விடவில்லை. இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நீங்கள் தேர்முட்டிக்குப் பின்னால் ஓடியதை ஊர் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

பிறகு உங்கள் கடைசி வேலை. ஒரு மலைக்கிராமத்துத் தேவாலயம். ஏணியில் நிற்கும்போது தலைக்குள் நரம்பு வெடித்து விழுந்தீர்கள். அக்கா வெளியே கட்டையை அமத்தியபடி இருந்தாள். மத்தியானம் கேட்ட அதே ஒற்றைச் சத்தம் பொழுதுபட்ட பிறகும் ஓயாமல் கேட்டதால், கதவு பூட்ட வந்த மனிதர் ஓர்கன் இருந்த மாடத்துக்கு ஏறிப் பார்த்தார். அப்போதும் உங்களுக்கு உயிர் இருந்ததாம். ஆஸ்பத்திரியில்தான் போயிற்று. நேரத்தோடு கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார்கள்.

"ஓர்கன் சத்தத்திலை அவவுக்குக் கேட்டிராது, பாவம்" என்று எல்லோரும் சொன்னோம். நீங்கள் சொல்லாமல் விரலை எடுக்கக் கூடாது என்று பழக்கினீர்கள், அவள் எடுக்கவில்லை. தன்வினை தன்னைச் சுடும். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. செத்தவீட்டில் அதைச் சொல்ல முடியாது, அதனால் இப்போது சொல்கிறேன்.

"அந்தச் சொல்லை ஒருக்காச் சொல்லிப் பாருங்கோவன்" என்று, டொக்டர் கையை விரித்த அன்று மலர்தான் தொடங்கினாள். "வெறுஞ் சொல்லுத்தானே, நஞ்சே?"

"அந்தாளின்ரை சொல்லு என்ரை வீட்டுக்கை வரக்கூடாது" என்றேன்.

"அவ செத்துப்போனா உங்கடை ரோசத்தை வைச்சு என்ன செய்யப்போறியள்?"

சொன்னேன். வைட்டர். உடனே விரல் எழும்பியது. வாய் திறந்தது. ஒரு கவளம் இறங்கியதும் விரல் மறுபடி மேசைக்கு வந்தது. மறுபடி சொன்னேன். ஒவ்வொரு கவளத்துக்கும் சொன்னேன். அக்காவின் கன்னத்தில் சதை வைத்தது. நாய்க்குட்டியைப் பழக்குகிறவன் மாதிரி மாதக் கணக்காக என் தமக்கைக்கு முன்னால் இருந்து உங்கள் வாயாக நான் கதைத்தேன். அதற்காகவும் உங்களை மன்னிக்கப் போவதில்லை.

ஆண்டுத் திவசத்துக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டும் என்று சொந்தக்காரர் ஒற்றைக் காலில் நின்றார்கள். இறந்தவரின் வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மைத்துனர் புலம்பல் என்று பாட்டுகள் போட்டு அச்சடித்துக் கொடுக்கிற சின்னப் புத்தகம். ஜெர்மன்காரர் ஆனாலென்ன, எங்கள் மாப்பிள்ளைதானே? போன கிழமை பாட்டுக் கட்டும் புலவர் வந்தார். ஓர்கன் என்றால் என்ன என்று விளங்கப்படுத்தி நான் களைத்துப்போனேன். "பெரிய ஆர்மோனியம் எண்டு போடுவம்" என்று முடித்துவிட்டு, சோற்றுத் தட்டுக்கு முன்னால் மேசையில் விரலை ஊன்றியபடி இருந்த அக்காவிடம் திரும்பினார்.

"அம்மா, மனைவி புலம்பலுக்கு ஏதும் சொல்லுங்கோ. கடைசி நேரம் பக்கத்திலை இருந்தனீங்கள்தானே?"

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது" என்றாள்.

மலர் அகப்பையோடு அப்படியே நின்றாள். ஒரு வருடத்துக்குப் பிறகு கேட்ட குரல். தெளிவாக, அவசரமில்லாமல் வந்தது.

"கூப்பிட்டவர். பரமேஸ்வரி, பரமேஸ்வரி எண்டு. வேலை நேரத்திலை அந்த மனுசன் ஒருநாளும் என்ரை பேரைச் சொன்னதில்லை. புதினமாய்க் கிடந்தது. இருந்து கேட்டனான்."

புலவர் பேனையை மூடினார். "அம்மாவுக்கு மனம் கொஞ்சம் சரியில்லைப் போலை."

"மனம் சரியாத்தான் இருக்கு. அந்தக் குழாய்தான் சரியில்லை. அதைத் திருத்த முந்தி விழுந்திட்டார். எனக்கே காது கூசிச்சுது, அவருக்கு எப்பிடி இருந்திருக்கும்? கேட்டுக்கொண்டு கிடக்கட்டும் எண்டுதான் விரலை எடுக்கேல்லை. இதை எழுதுங்கோ."

பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்து, சோற்றைத் தானே குழைத்துச் சாப்பிட்டாள். கத்தரிக்காய்க் குழம்பு இன்னும் கொஞ்சம் விடச் சொன்னாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அத்தான், உங்களுக்காக இரங்குவதா, அவளைப் பார்த்துப் பயப்படுவதா? சுருதி பிசகிய ஒரு ஸ்வரத்துக்கு அடியில், அந்தக் காதோடு, பொழுதுபடும் வரை நீங்கள் கிடந்திருக்கிறீர்கள். அவளை நீங்கள் எப்போதாவது அறிந்திருந்தீர்களா?

புலவர் எழுத மாட்டேன் என்று போய்விட்டார். நான் எழுதிவிட்டேன். எழுதியதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். ஓர் இடத்தில் கூட அவள் மறுக்கவில்லை. உங்கள் கல்வெட்டில் மனைவி புலம்பல் இருக்க வேண்டிய பக்கத்தில் இதை ஓர் எழுத்தும் மாற்றாமல் அச்சடிப்பேன். இது சத்தியம்.

மைத்துனர் புலம்பல் கிடையாது.

இப்படிக்கு,
பரமேஸ்வரியின் தம்பி