ரப்பர் குழாய் தின்ற ஓசோன்

என் உயிர் மச்சான் மணியத்துக்கு,

என் தங்கையைக் கட்டிக்கொண்ட பிறகு உன்னை மாப்பிள்ளை என்றுதான் நான் கூப்பிட்டிருக்க வேண்டும். ரப்பர் பால்மரத் தோட்டத்தில் ஒன்றாகப் புரண்டு வளர்ந்தவனிடம் அந்த மரியாதையெல்லாம் வாயில் வரவில்லை. இனியும் வராது.

சில நாளாக எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எழுந்துவிடுகிறேன். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கோலா கங்சார் சாலையில் பாதி தூரம் போய்க் காரணமில்லாமல் திரும்பி வருகிறேன். விஷயத்தைச் சொல்ல வேண்டியது உன்னிடம். நீயோ போய்ச் சேர்ந்துவிட்டாய்.

ஈப்போவுக்கு வெளியே, வானிலை இலாகா வேலையில் நாம் பலூன் விட்ட தகரக் கொட்டகை ஞாபகம் இருக்கிறதா? பலூனில் கட்டிய பெட்டிக்குள் ஒரு சின்ன பம்பு மேல்வானத்துக் காற்றை இழுத்து மருந்துத் தண்ணீரில் விடும். காற்றில் ஓசோன் இருக்கும் அளவுக்கு அதில் மின்சாரம் பிறக்கும், அந்த அளவு ரேடியோ வழியாக நமக்குக் கீழே வரும். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, வெளிநாட்டிலிருந்து வந்த பிளாஸ்டிக் குழாய்கள் தீரும் வரை.

நீ சிரித்தாய். "ரப்பர் ஊர்ல உக்காந்துகிட்டு பிளாஸ்டிக்குக்குக் காத்திருக்கணுமா? நம்ம ரப்பர விட நல்ல குழாய் எங்க இருக்கு லா!"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ரப்பர் குழாயையே மாட்டினோம்.

அதன் பிறகு ஏறிய பலூன் ஒவ்வொன்றும் ஓசோன் குறைவு என்றே சொன்னது. கருவி கெட்டுவிட்டது என்று மேலதிகாரி வேலையையே நிறுத்தினார். நீ மட்டும் விடவில்லை. "நம்ம தலைக்கு மேல வானம் மெலிஞ்சு போச்சு மச்சான்" என்றாய். வெயில் பட்டால் தோலில் நோய் வரும் என்று பிள்ளைகளைப் பகலில் வாசலுக்கே விடவில்லை. எத்தனை பேர் கிண்டல் செய்தார்கள்! அந்தக் கவலையோடேயே உன் நெஞ்சு நின்றுபோனது. நீ போன பிறகும் தங்கை சரசு வீட்டில் அதே சட்டம்தான்.

இப்போது பேப்பரைத் திறந்தால் ஓசோன்தான். தென்துருவத்து வானத்தில் ஓட்டை என்கிறார்கள். "எங்க வீட்டுக்காரரு அப்பவே சொன்னாரு" என்று சரசு புந்தோங் சந்தை முழுக்கப் பறைசாற்றுகிறாள். உன் பேரை நிலைநாட்டிவிடலாம் என்று எனக்கும் ஆசை வந்தது.

கொட்டகையில் கிடந்த பெட்டியைத் தூசி தட்டி, ஓசோன் உண்டாக்கும் விளக்கின் முன்னால் வைத்தேன். தேடி வாங்கிய பிளாஸ்டிக் குழாயை மாட்டியதும் மின்சாரம் காட்டும் மீட்டரின் முள் ஏறியது. உன் ரப்பர் குழாயை மாட்டினேன், முள் படுத்துவிட்டது. மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் ரப்பரை வளைத்தால், ரப்பர் மரத்தில் பால்வெட்டுக்குப் போன நம் அம்மாக்களின் குதிகால் மாதிரி அங்கங்கே வெடிப்பு. பெட்டிக்குள் போகும் முன்பே ஓசோனை நம் ரப்பர் தின்றிருக்கிறது, மச்சான்.

இதை எப்படிச் சரசுவிடம் சொல்வேன்? உன் நினைவு நாள் படையலில், வந்தவர்களிடமெல்லாம் அவள் மறுபடி ஆரம்பித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. ஆட்கள் கிளம்பியதும் அடுப்படியில் வைத்து உண்மையைப் போட்டு உடைத்துவிட்டேன். கழுவிய தட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்ப, வானம் நல்லாத்தான் இருந்துச்சா அண்ணே?"

"நல்லாத்தான் இருந்துச்சு லா."

"இது தெரியாமயே போயிட்டாரே அவரு."

அழுதாள். அப்புறம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சன்னலோரம் உட்கார்ந்திருந்த உன் பிள்ளைகளிடம் போனாள். உச்சி வெயில். கதவைத் திறந்து, "போயி விளையாடுங்க" என்றாள். நம்பாமல் இருவரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு செருப்புகூடப் போடாமல் ஓடினார்கள்.

உன் பெருமையைப் பிடுங்கிவிட்டேனே என்று மனசு அடித்துக்கொள்கிறது. நீ இருந்திருந்தால் என்னை அறைந்திருப்பாயா, கட்டிப்பிடித்திருப்பாயா?

மறுபடி பலூன் விட அனுமதி கேட்டிருக்கிறேன். கிடைத்தால் உன் பிள்ளைகள்தான் அதைக் கையிலிருந்து விடுவார்கள். இந்த முறை பலூன் மட்டும்தான் ரப்பர். வானம் என்ன சொன்னாலும் முதலில் உன்னிடம் வந்து சொல்கிறேன். அதுவரை கவலைப்படாமல் தூங்கு.

உன் மச்சான்,
சரசுவின் அண்ணன் வீரையா