ஏரிக்கரைத் திருப்பமும் ஒரு குடம் மோரும்

தை 19, திங்கள்

காலையில் கடும் பனி. வரப்புகூடத் தெரியவில்லை. கரும்பு வெட்ட ஆள் வரவில்லை.

தங்கை பூங்காவனம் வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து ஆள் அனுப்பியிருந்தாள். வளைகாப்பு முடிந்து நான்கு நாள். பிரசவத்துக்குத் தாய்வீடு அனுப்ப மாமியார் சம்மதிக்கவில்லையாம். காரணம் நம் பாகூர் ஏரிக்கரைத் திருப்பம். போன வருஷம் அவள் வந்த மாட்டுவண்டி அங்கேதான் சாய்ந்தது. வயிற்றுப் பிள்ளை தங்கவில்லை.

சம்பந்தி அம்மாள் சொன்னதை வந்த ஆள் அப்படியே ஒப்பித்தான்: "அந்தத் திருப்பத்தைத் தாண்டி எம் மருமவள வண்டியிலயும் அனுப்ப மாட்டேன், மோட்டார்லயும் அனுப்ப மாட்டேன்."

அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அம்மா காலையிலிருந்து சாப்பிடவில்லை.

மோட்டார் இருக்கிறது. பிரான்சுக்குத் திரும்பிய ஒரு துரையிடம் அப்பா வாங்கியது. ஓட்டப் பழகி மூன்று மாசம். வண்டி ஓட்ட சர்க்கார் தரும் பெர்மியும் வாங்கியாயிற்று. நேர் ரோட்டில் நான் ராஜா. வளைவு வந்தால் மானம் போகிறது. இங்கே மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

செய்ய வேண்டியவை:
மோட்டார் ஊதுகுழல் ரப்பருக்கு ஒட்டு.
மாட்டுக்குப் புண்ணாக்கு.
திருப்பம்.

தை 20, செவ்வாய்

வெயில். பின் சீட்டில் என் மனைவி அஞ்சலை. அவள் மடியில் கழுத்துவரை தண்ணீர் நிரம்பிய குடம். சிந்தாமல் திருப்பத்தைக் கடக்க வேண்டும். யோசனை என்னுடையதுதான். நனைந்தது அவள்.

முதல் தடவை அரைக்குடம் போயிற்று. இரண்டாம் தடவை மீதி.

தப்பு எங்கே என்று தெரியவில்லை. மாட்டுவண்டியில் செய்கிற மாதிரிதான் செய்கிறேன். வளைவுக்குள் வந்ததும் உள்பக்க மாட்டின் கயிற்றை இழுப்போமே, அப்படி வளைவுக்குள் வந்ததும் பிரேக். உடம்பையும் சாய்த்துக்கொள்கிறேன். "ஹேய், ஹேய், இந்தாண்ட" என்றுகூடச் சொல்லிவிட்டேனாம்.

கரையில் துணி துவைத்த பெண்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மோட்டாருக்கு வாலத் தேடுறாரு பாருடி!"

அஞ்சலை சிரித்த சிரிப்பில் மடியிலிருந்த குடமே நழுவியது. கோபம் வந்தது. பிறகு எனக்கும் சிரிப்பு.

தை 22, வியாழன்

ஒட்டுப் போட்ட ஊதுகுழல் இருமுகிறது. பரவாயில்லை.

இன்று கண்டுபிடித்தேன்!

அஞ்சலை தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்றாகக் குடம் தூக்கி வந்தாள். மதகுப் பக்கம் பாதை சட்டென்று ஒடிகிறது. அந்த ஒடிப்புக்குப் பத்தடி முன்னாலேயே நடையைச் சுருக்கினாள். ஒடிப்பில் ஒரே சீராகத் திரும்பினாள். தாண்டிய பிறகுதான் எட்டி நடந்தாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

"இன்னொரு தடவ நடந்து காட்டு" என்றேன்.

"எனக்கு வேற வேல இல்லியா? இன்னாங்க இப்டி மொறச்சிப் பாக்குறீங்க, கண்ணாலத்துக்கு முன்னாடி பாக்குற மாதிரி?"

அவளைக் குடத்தோடு பின் சீட்டில் ஏற்றி மோட்டாரை எடுத்தேன். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்தேன், கியரை இறக்கினேன், ஊதினேன். வளைவுக்குள் பிரேக்கைத் தொடவில்லை. கண்ணைச் சக்கரத்துக்கு முன்னால் வைக்காமல் ரோடு போகிற இடத்தில் வைத்தேன். வெளியே வந்த பிறகு வேகம். பதினோரு தடவை. கடைசி நான்கு தடவையும் குடம் அசையவில்லை.

அஞ்சலைக்கு ரவிக்கைத் துணி வாங்க வேண்டும். அவளாகக் கேட்கவில்லை. எனக்கே தோன்றியது.

தை 25, ஞாயிறு

பெரிய நாள். விவரமாக எழுதுகிறேன்.

குடத்து வித்தையைச் சம்பந்தி அம்மாளிடம் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு உள்ளே போனவர், மை நீலப் புடவை மாற்றிக்கொண்டு, தளும்பத் தளும்ப ஒரு குடம் மோரோடு வந்து மோட்டாரில் ஏறினார்.

"மோர் எதுக்கு அத்தை?"

"தண்ணி சிந்துனா காஞ்சிடும் தம்பி. மோரு சிந்துனா நாளைக்கும் தெரியும். ஓட்டு."

பூங்காவனம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னையே பார்த்தாள்.

வழியில் குறுக்கிடும் இங்கிலீஷ் சீமையின் எல்லைச் சாவடியில் சிப்பாய் நிறுத்தினான். "கொடத்துல இன்னா, சாராயமா?" கேட்டுக்கொண்டே விரலை விட்டான்.

"கைய எடுப்பா! ஒரு சொட்டு கொறஞ்சாலும் எம் பரீட்ச கெட்டுப்பூடும்!"

சம்பந்தி அம்மாள் போட்ட அதட்டலில், பாவம், பயந்து விரலை உதறினான்.

ஏரிக்கரை. ஒரு பக்கம் நிறை தண்ணீர், மறு பக்கம் பள்ளம். முன்னாலேயே சுருக்கினேன். ஊதினேன். நல்லவேளை. எதிரே வைக்கோல் வண்டி, ரோடு முழுக்க. ஓரமாக நின்று வழி விட்டேன். பழைய ஓட்டமாக இருந்தால் நேரே வைக்கோலுக்குள்தான். பிறகு மெதுவாக, ஒரே சீராக.

தாண்டியதும், "நிறுத்து" என்றார். புடவையை விரித்துப் பார்த்தார். முழங்கால் பக்கம் மூன்று வெள்ளைப் பொட்டு.

"இது சாவடிக்காரன் ஒதறுனது. நானே பாத்தேன்" என்றார். பிறகு குடத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். "அன்னிக்கு வண்டி ஓட்டுனவனும் இப்டி நின்னு வந்திருந்தான்னா, எம் பேரப்புள்ள இந்நேரம் தவழ்ந்திருக்கும்."

நானும் அழுதேன். எழுதுவதில் வெட்கம் என்ன.

வீட்டில் அம்மா கையில் குடத்தைக் கொடுத்தார். "புதங்கிழம நாள் நல்லா இருக்குது. பொண்ண அழைச்சுக்குங்க."

திரும்பக் கொண்டுபோய் விட்டபோது பின் சீட்டில் நன்றாகத் தூங்கிவிட்டார். திருப்பத்திலும் விழிக்கவில்லை.

தை 28, புதன்

பனி இல்லை. ஊதுகுழலும் இருமவில்லை.

பூங்காவனத்துக்குக் கை நிறைய வளையல். சம்பந்தி அம்மாள் அவளுக்கு நெற்றியில் திருநீறு வைத்துவிட்டு, அதே கையோடு மோட்டாரின் மூக்கிலும் ஒரு கீற்று இழுத்தார். சாவடியில் அதே சிப்பாய். குடம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தான். இல்லை என்றதும் வருத்தம்.

ஏரி தெரிந்ததுமே பூங்காவனம் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வளையல்கள் நடுங்கும் சத்தம். முன்னாலேயே சுருக்கினேன். ஊதினேன். திரும்பினேன். வளையல் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

நம் தெருவில் நுழையும்போது, கண்ணைத் திறக்காமலே கேட்டாள்: "அண்ணே, திருப்பம் வந்தா முன்னாடியே சொல்லிடு. கெட்டியா புடிச்சிக்கணும்."

"கண்ணத் தெறம்மா. அம்மா ஆரத்தியோட வாசல்ல நிக்குது."